போக்கர் போட்டியில் நடுத்தரமான கை வந்தால் பாட் (நடுவில் குவியும் பந்தயத் தொகை) பெருகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கேட்டவரின் சிக்கல் இது: ஃபிளாப்பில், அதாவது மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில், ஜோடி சேருகிறது, நம்பிப் பந்தயம் கட்டுகிறார், கடைசியில் எல்லாச் சிப்ஸையும் பறிகொடுத்துவிட்டு முதல் மணி நேரத்திலேயே வெளியே நிற்கிறார். நானும் அப்படி நின்றவன்தான்.

பதிலுக்கு முன் என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்ட தோட்டம். மலேசியாவில் உரிமம் பெற்ற காசினோ கெந்திங் மலையில் மட்டும்தான் உண்டு. மற்ற இடங்களில் காசு வைத்து ஆடினால் 1953ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டங்கள் காத்திருக்கின்றன. ஆகவே நாங்கள் இணையத்தில் ஆடுவதெல்லாம் காசில்லாத விளையாட்டுச் சிப்ஸில். சனிக்கிழமை மாலை லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வாசலில் ஆறு பேர், ஆறு கைப்பேசி. முதலில் வெளியேறுபவர் எல்லோருக்கும் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வாங்கித் தர வேண்டும். நான் வாங்கித் தந்த தே தாரிக்கில் ஒரு குளமே வெட்டியிருக்கலாம். காசில்லை என்பதற்காகக் கணக்கு மாறிவிடுவதில்லை.

எனக்குக் கண் திறந்த ஆட்டம் இது. பிளைண்ட் (சீட்டுப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாகக் கட்டுவது) 50/100, ஆன்டி (மேசைக்கு மொத்தமாகப் போடும் இன்னொரு கட்டாயத் தொகை) 100. என்னிடம் 6,000. டீலர் இடத்தில், அதாவது கடைசியாகப் பேசும் இடத்தில், இருந்தேன். கையில் இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் எட்டு. 250க்கு உயர்த்தினேன். பெரிய பிளைண்டில் இருந்த பக்கத்து லயத்து அண்ணன் மட்டும் ஈடு கட்டினார், அதாவது அதே தொகையைப் போட்டார். அவரிடம் என்னைவிடச் சற்று அதிகம். பாட் 650. ஃபிளாப்பில் ஏஸ், ஒன்பது, நான்கு. மூன்றும் மூன்று இனம். ஏஸ் ஜோடி விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முழுப் பாட் அளவுக்கு 650 கட்டினேன். அண்ணன் பேசாமல் ஈடு கட்டினார். டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டாக, ராணி; 1,950 கட்டினேன், அதற்கும் கொடுத்தார். ரிவரில், அதாவது ஐந்தாவதும் கடைசியுமான சீட்டாக, இரண்டு. மிச்சமிருந்த 3,150ஐயும் தள்ளினேன். அவர் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார்: ஏஸ், பத்து. இருவருக்கும் ஏஸ் ஜோடி; பத்துக்கு எட்டு என்று துணைச் சீட்டில் தோற்றேன்.

"தம்பி, எட்டை வைத்துக்கொண்டா இவ்வளவும் கட்டினாய்?" என்றார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையாகவே வியந்து கேட்டார். அதுதான் அதிகம் வலித்தது.

அன்றிரவு உட்கார்ந்து யோசித்தேன். என் கையைவிட மோசமான எந்தக் கை அந்த மூன்று பந்தயத்துக்கும் ஈடு கட்டியிருக்கும்? ஒன்பது ஜோடி வைத்திருப்பவர் ஒரு முறை கொடுப்பார். ஏஸுடன் ஐந்தோ ஆறோ ஏழோ வைத்திருப்பவர் இரண்டு முறை கொடுக்கலாம். மூன்றாவது முறையும் அந்தப் பெருந்தொகையைக் கொடுப்பவரிடம் பெரும்பாலும் என்னை வெல்லும் கைதான் இருக்கும். பாட் கட்டுப்பாடு என்பதற்கு நான் புரிந்துகொண்ட பொருள் இவ்வளவே. பந்தயம் கட்டும் முன், "தாழ்ந்த கைகள் எத்தனை சுற்றுக்குக் காசு தரும்?" என்று கேட்க வேண்டும். விடை இரண்டு என்றால், ஃபிளாப், டர்ன், ரிவர் என்ற மூன்றில் ஒரு சுற்றைச் 'செக்' சொல்லி, அதாவது பந்தயம் கட்டாமல், கடத்திவிட வேண்டும்.

அதே ஆட்டத்தை இப்போது ஆடினால் ஃபிளாப்பில் மூன்றிலொரு பங்கு, 220 கட்டுவேன். பாட் 1,090. டர்னில் செக். ரிவரில் அவர் பாதிப் பாட், அதாவது 545 கட்டினால் ஈடு கட்டிப் பார்ப்பேன். பாதிப் பாட் பந்தயத்துக்கு ஈடு கட்ட நான்கில் ஒரு முறை வென்றாலே நட்டமில்லை. தோற்றாலும் போவது மொத்தம் 1,015. ஏறத்தாழ 50 பெரிய பிளைண்ட் கையில் இருக்கும், தே தாரிக் செலவும் வேறு ஒருவர் தலையில் விழும்.

பலர் கவனிக்காதது பாட் பெருகும் வேகம். ஒவ்வொரு சுற்றிலும் முழுப் பாட் கட்டி எதிராளியும் ஈடு கட்டினால் பாட் மும்மடங்காகும்: ஒன்று, மூன்று, ஒன்பது, இருபத்தேழு. பாதிப் பாட் கட்டினால் இரட்டிப்பாகும்: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. கூட்டு வட்டிக்காரரிடம் கடன் வாங்கிய குடும்பத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே கட்டுப்பாடு ஃபிளாப்புக்கு முன்பே தொடங்குகிறது. பெரிய பிளைண்டின் 2.5 மடங்குக்கு உயர்த்தி, அந்த இடத்தில் இருப்பவர் ஈடு கட்டினால், ஆன்டியும் சேர்ந்து பாட் 6.5. நான்குக்கு உயர்த்தினால் 9.5. வித்தியாசம் வெறும் மூன்று பிளைண்ட்தானே என்று தோன்றும். பாதிப் பாட் வீதம் மூன்று சுற்றுப் போனால் முதலாவது 52 ஆகும், இரண்டாவது 76 ஆகும்.

கடைசியாகப் பேசும் இடத்தில் நீங்கள் இருந்தால் இது எளிது; நீங்கள் செக் சொன்னதும் சுற்று முடிந்துவிடும். முதலில் பேசுபவருக்கு அந்த வசதி இல்லை. செக் சொல்லி எதிராளியின் பந்தயத்துக்கு ஈடு கட்டலாம், அல்லது தாமே சிறிதாக, கால் பாட் அளவுக்குக் கட்டிப் பார்க்கலாம். அந்தச் சிறு பந்தயத்தின் மேல் ஒரு சாதுவான ஆள் உயர்த்தினால் மறுபேச்சின்றிக் கையை விட்டுவிடுங்கள். எங்கள் அண்ணன் உயர்த்தி ஏமாற்றி நான் இதுவரை பார்த்ததில்லை.

செக் சொல்வது பயந்தாங்கொள்ளித்தனம் என்பார்கள். சில ஃபிளாப்களில் அந்தப் பேச்சு தவறு. கையில் ராஜா ஜோடி, ஃபிளாப்பில் ஏஸ், ஏழு, இரண்டு என்று வையுங்கள். எதிராளியிடம் ஏழு ஜோடி இருந்தால், அவரைக் காப்பாற்றும் சீட்டுகள் ஐந்துதான். அடுத்த சீட்டில் அவை வரும் வாய்ப்பு ஏறத்தாழ 11 விழுக்காடு. அவரிடம் ஏஸ் இருந்தால் எனக்கு மிஞ்சியிருப்பவை இரண்டு ராஜாக்கள், சுமார் 4 விழுக்காடு. யார் முன்னால் இருக்கிறாரோ அவரே பெரும்பாலும் முன்னால் இருப்பார். இங்கே இலவசமாக ஒரு சீட்டைக் காட்டுவதில் பெரிய ஆபத்து இல்லை. செக்கைப் பார்த்து எதிராளி வீணாகப் பந்தயம் கட்டினால் அதுவும் நமக்கே வரும்.

ஆனால் ஃபிளாப்பில் ஆர்ட்டினில் எட்டும் ஒன்பதும், கூடவே கிளாவர் ஐந்தும் கிடந்தால் கதை வேறு. ஆர்ட்டின் இனத்துக்குக் காத்திருப்பவருக்கு ஒன்பது சீட்டுகள் உதவும். அடுத்த சீட்டிலேயே 19 விழுக்காடு, ரிவர் வரை பார்த்தால் 35. அங்கே ஒன்பது ஜோடியை வைத்துக்கொண்டு செக் சொல்வது, வீட்டைத் திறந்து போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவது போல. கட்டுங்கள், அவரிடம் காசு வாங்குங்கள்.

சிப்ஸ் 15 பிளைண்டுக்குக் கீழே இறங்கிவிட்டாலும் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. மேல் ஜோடி (மேசையின் உயர்ந்த சீட்டோடு சேர்ந்த ஜோடி) கிடைத்தால் எல்லாம் உள்ளே போக வேண்டியதுதான். எதற்கும் ஈடு கட்டுகிற ஆள் எதிரே இருந்தாலும் ஒரு சுற்றுக் கூடுதலாகவே கட்டலாம். காசில்லாத மேசைகளில் அப்படிப்பட்டவர்களே அதிகம். அவர்களிடம் நான் அதிகம் செக் சொல்லி நிறைய விட்டிருக்கிறேன்.

இன்னொன்று, போட்டி என்பதால். மூவர் மிச்சம், ஆளுக்குச் சமமான சிப்ஸ், பரிசு 50, 30, 20 என்று வைப்போம். இப்போது பரிசில் ஒவ்வொருவரும் எதிர்பார்க்கக்கூடிய பங்கு 33.33. எல்லாவற்றையும் வைத்து ஒருவரை வென்றால், மூன்றில் இரண்டு பங்கு சிப்ஸுடன் உங்கள் பங்கு 43.33 ஆகும். தோற்றால் 20. பத்துக்காகப் பதின்மூன்று வைக்கிறீர்கள். வெல்லும் வாய்ப்பு சரிபாதி இருந்தால் போதாது, 57 விழுக்காடு வேண்டும். இதில் வேடிக்கை, சும்மா பார்த்துக்கொண்டிருந்த மூன்றாமவருக்கு 3.33 கூடிவிடுகிறது. இந்தக் கணக்குக்கு ஐசிஎம் என்று பெயர். நடுத்தரக் கையோடு பெரிய பாட்டில் மாட்டாதீர்கள் என்று போட்டியாளர்கள் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

எங்கள் ஊருக்கென்று ஒரு தனிக் காரணமும் உண்டு: மழை. மாலையில் இடி இடித்தால் இணையம் போய்விடும். நம் முறை வரும்போது இணைப்பு இல்லையென்றால், எதிராளி பந்தயம் கட்டியிருக்கும் பட்சத்தில் நேரம் முடிந்ததும் கை தானாக மடக்கப்படும். போன சனிக்கிழமை எனக்கு ஜாக்கி ஜோடி, மேசையில் ராணி. ஃபிளாப்பில் கொஞ்சம் கட்டினேன், டர்னில் செக் சொன்னேன். ரிவரில் அண்ணன் கட்டிய நேரம் பார்த்து வானம் பிளந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, கை போய்விட்டது. அவர் தம் கைப்பேசியைத் திருப்பினார். ராணி ஜோடி. என்னிடம் சிப்ஸ் குறைந்ததே தெரியவில்லை. மழை விட்டதும் கடைக்குப் போனோம். காசு கொடுத்தது நானில்லை.