வரிசையில் நின்றவருக்கு ஏல விலை

வணக்கம் சார்,

நான் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். கல்லூரி விடுதியில் ஒரு சீனியர் கொடுத்த பென்டிரைவ் வழியாகத்தான் எனக்கு ராக் இசை அறிமுகமானது. அன்றிலிருந்து ஒரு குழு என்றால் எனக்கு உயிர். அவர்கள் நான் இருக்கும் ஊருக்கே வருகிறார்கள் என்றதும், டிக்கெட் விற்பனை தொடங்கிய அன்று காலையிலேயே லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஆன்லைன் வரிசையில் எனக்கு முன்னால் பல்லாயிரம் பேர். மதியச் சாப்பாடும் அங்கேயேதான். என் முறை வந்தபோது காலையில் எல்லோரும் சொன்ன விலை இல்லை, இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டது. இடம் அதே இடம்தான், நின்றுகொண்டு பார்க்கும் பகுதி. சில நிமிடங்களில் முடிவு செய்யச் சொல்லி மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வாங்கிவிட்டேன்.

நிகழ்ச்சி அருமையாக இருந்தது. ஆனால் இன்னும் மனசு ஆறவில்லை. என் அறைத் தோழன் பொருளாதாரம் படித்தவன். "விமான டிக்கெட்டும் ஓட்டல் ரூமும் இப்படித்தானே விற்கிறார்கள், அதற்கெல்லாம் நீ அழுதாயா? விலையைக் குறைத்து வைத்தால் பிளாக்கில் விற்கிறவன் சம்பாதிப்பான். அந்தப் பணம் பாடுகிறவனுக்கே போகட்டுமே" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆசையாக வரும் ரசிகனிடம் இப்படி விலையை ஏற்றுவது நியாயமா? இசை நிகழ்ச்சி என்றால் எல்லா டிக்கெட்டும் ஒரே விலை என்று சட்டம் போட்டால் என்ன? அந்த விலை கொடுத்து வாங்கிய நான் முட்டாளா?

பெயர் வேண்டாம்,
மான்செஸ்டர்

*

அன்புள்ள நண்பருக்கு,

குழுவின் பெயரையும் தளத்தின் பெயரையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். உங்களுக்கு நடந்ததை என்னால் சரிபார்க்க முடியாது. ஆனால் கிட்டத்தட்ட இதே கதை வேறு சிலருக்கு நடந்து, பொதுவெளியில் பதிவாகி, அரசு அமைப்புகள்வரை போயிருக்கிறது. அவற்றை வைத்தே பேசுகிறேன்.

முட்டாளா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. மணிக்கணக்கில் காத்திருந்து, நிமிடக் கடிகாரத்தின் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் எடுக்கும் முடிவை வைத்து அவருடைய அறிவை அளக்கக் கூடாது. அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்தான் ரசிகர். அது தெரிந்துதான் விலையை அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

உங்கள் தோழர் சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியாது. இசைக்கலைஞர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். 2022 ஜூலையில் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் அமெரிக்கப் பயணத்துக்கு டிக்கெட் விற்றபோது, தேவைக்கேற்ப விலை மாறும் 'பிளாட்டினம்' டிக்கெட்டுகள் சில 5,000 டாலர்வரை போயின. ரசிகர்கள் கொதித்தார்கள். விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் ஒரு கணக்கை வெளியிட்டது: விலை மாறும் டிக்கெட்டுகள் 11.8 சதவீதம்தான், மற்றவை 59.50 டாலரிலிருந்து 399 டாலர்வரை நிலையான விலையில் விற்றவை, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சராசரி 262 டாலர். சில மாதங்கள் கழித்து ஒரு பேட்டியில் ஸ்பிரிங்ஸ்டீனும் பேசினார். பல ஆண்டுகளாக மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் வாங்கிவந்தோம், இந்த முறை என் வயதொத்த மற்றக் கலைஞர்கள் செய்வதையே நாங்களும் செய்தோம், கூடுதல் பணம் தரகர்களுக்குப் போவதற்குப் பதில் மேடையில் வியர்வை சிந்துகிறவர்களுக்கு ஏன் போகக் கூடாது என்றார். அவர் பழியைத் தூக்கி வேறு யார் மேலும் போடவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் உங்கள் தோழரிடம் சொல்லுங்கள். ஸ்பிரிங்ஸ்டீன் ரசிகர்களுக்கென்றே 'பேக்ஸ்ட்ரீட்ஸ்' என்று ஒரு பத்திரிகை இருந்தது. 1980இல் சியாட்டிலில் ஒரு ரசிகர் தொடங்கியது. எந்த ஊரில் எந்த வரிசையில் என்ன பாடினார் என்பதிலிருந்து எல்லாவற்றையும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிவைத்தவர்கள். அவரே பெரிதாகப் பேசப்படாத காலத்திலும் விடாமல் நடத்தினார்கள். 2023 பிப்ரவரியில், அந்தப் பயணம் தொடங்கிய சமயத்தில், பத்திரிகையை மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். டிக்கெட் விலை விவகாரம் எங்கள் மனத்தை உடைத்துவிட்டது, எங்கள் வாசகர்களில் பலரால் இனிப் போக முடியாது, பலருக்கு ஆசையும் போய்விட்டது, ஒட்டாத மனத்தோடு இதைத் தொடர்ந்து செய்ய எங்களால் முடியவில்லை என்பதுதான் அவர்கள் எழுதியதன் சாரம். சம்பளத்துக்கு ஆள் வைத்தாலும் அப்படி ஒரு வேலையை வாங்க முடியாது. சராசரி 262 டாலர் என்ற கணக்கில் இந்த இழப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இப்போது விமான டிக்கெட்டுக்கு வருகிறேன். ஒரு விமானத்தில் விலை ஏறினால் அடுத்த நாள் போகலாம், வேறு நிறுவனத்தில் போகலாம், ரயிலில்கூடப் போகலாம். உங்கள் குழுவுக்குப் பதிலாக அன்று மாலை வேறொரு குழுவைக் கேட்டுவிட்டு வர முடியுமா? போட்டி இல்லாத இடத்தில் ஏறும் விலையைச் சந்தை விலை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

தோழர் பொருளாதாரம் படித்தவர் என்பதால் அவர் துறையிலிருந்தே ஒன்று. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் மூவரும் 1986இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கனடாவில் மக்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட கேள்விகள். ஒரு கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டாலர். பெரும்பனி கொட்டிய மறுநாள் காலை கடைக்காரர் அதை 20 டாலராக்குகிறார். இது நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். அதே கட்டுரையில் அதிகம் பேசப்படாத இன்னொரு கேள்வி உண்டு. ஒரு கால்பந்துப் போட்டிக்கு டிக்கெட் கிடைக்காமல் கூட்டம் அலைமோதுகிறது. இருப்பதை ஏலம் விடலாம், குலுக்கல் போடலாம், வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுக்கலாம். எது நியாயம்? பெரும்பாலானவர்கள் வரிசை என்றார்கள். அடுத்து குலுக்கல். ஏலத்தை நியாயம் என்றவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

உங்களுக்கு நடந்ததை இதோடு பொருத்திப் பாருங்கள். வரிசையில் காசு போகாது, நேரம் போகும். ஏலத்தில் நேரம் போகாது, காசு போகும். உங்களிடம் இரண்டையும் வாங்கிக்கொண்டார்கள். காலை முதல் உங்களை வரிசையில் நிற்கவைத்துவிட்டு, வரிசை முடிந்த இடத்தில் ஏல விலையைச் சொன்னார்கள். முதலிலேயே ஏலம் என்று சொல்லியிருந்தால் உங்களில் பாதிப் பேர் லேப்டாப்பை மூடிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பீர்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தோமோ அவ்வளவுக்கு வெறுங்கையோடு திரும்ப மனம் வராது. அந்தக் காத்திருப்பையே விலை ஏற்றும் கருவியாக்குவதைத்தான் நான் அநியாயம் என்கிறேன்.

ஓயாசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் விவகாரத்தை நீங்கள் அங்கேயே இருந்து பார்த்திருப்பீர்கள். பதினைந்து ஆண்டுகள் பிரிந்திருந்த அண்ணன் தம்பி மறுபடி சேர்ந்து பாடப்போகிறார்கள் என்று 2024 ஆகஸ்ட் 31 அன்று டிக்கெட் விற்றார்கள். 150 பவுண்டு அளவில் எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அதே நிற்கும் பகுதியில் 355 பவுண்டு என்று காட்டியது. சில நாட்களிலேயே பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. எல்லோரும் கணினி நொடிக்கு நொடி விலையை ஏற்றியது என்றுதான் நம்பினோம். அப்படி நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது ஆணையம். நடந்தது வேறு. நிற்கும் பகுதி டிக்கெட்டுக்கு முன்கூட்டியே இரண்டு விலை வைத்திருக்கிறார்கள். குறைந்த விலையில் இருந்தவை தீர்ந்ததும் கூடிய விலைக்கு வந்துவிட்டார்கள். வரிசையில் நின்ற யாருக்கும் இது சொல்லப்படவில்லை. அதோடு, உட்காரும் இடங்களில் 'பிளாட்டினம்' என்று பெயர் வைத்த டிக்கெட்டுகளைச் சாதாரண டிக்கெட்டைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்குக்கு விற்றிருக்கிறார்கள். அதற்கென்று கூடுதல் வசதி எதுவும் கிடையாது. பல நேரங்களில் சாதாரண டிக்கெட் இருந்த அதே பகுதிதான்.

இங்கே தப்பு விலை வேறுபட்டதில் இல்லை, அதைச் சொல்லாமல் விட்டதில். இதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே விலை என்ற உங்கள் யோசனையை நான் ஏற்கவில்லை. மேடைக்கு அருகில் கூடுதல் விலையும் கடைசி வரிசையில் குறைந்த விலையும் வைப்பதில் தப்பே இல்லை. அந்தக் கூடுதல் பணத்தால்தான் பின்வரிசை டிக்கெட்டைக் குறைவாக வைக்க முடிகிறது. ஒரே விலை என்றால் மாணவர்களும் சின்னச் சம்பளக்காரர்களும்தான் முதலில் வெளியே நிற்பார்கள். விற்பனைக்கு முன்பே எந்த இடம், என்ன விலை, ஏறுமா, எதுவரை ஏறும் என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் நான் கேட்பது. 2025 செப்டம்பரில் டிக்கெட்மாஸ்டர் ஆணையத்திடம் கொடுத்த உறுதிமொழியிலும் இது கொஞ்சம் வந்திருக்கிறது. இப்படி இரண்டு அடுக்கு விலை இருந்தால் 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும், வரிசையில் நிற்பவர்களுக்கும் விலையைக் காட்ட வேண்டும். ரசிகர்கள் சத்தம் போட்டதால் வந்தது இது.

அப்புறம் பிளாக் டிக்கெட். இதில்தான் உங்கள் தோழர் கை ஓங்குகிறது. நவி மும்பையில் 2025 ஜனவரியில் நடந்த கோல்ட்பிளே என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் நிகழ்ச்சிகளுக்கு, முந்தைய செப்டம்பரில் புக்மைஷோ தளம் நிலையான விலையில்தான் விற்றது. 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய்வரை. விற்ற அன்றே அவை மறுவிற்பனைத் தளங்களில் லட்சக்கணக்கில் கேட்கப்பட்டன. போலீஸ் விசாரணைவரை போனது. ஆக விலையை ஏற்றாமல் வைத்தால் மட்டும் டிக்கெட் ரசிகர் கைக்கு வந்துவிடாது. முதல் நாள் முதல் காட்சி பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆனால் பிளாக்கைத் தடுக்கும் வழி விலையை ஏற்றுவது ஒன்றுதான் என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். தி கியூர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் 2023இல் அமெரிக்கப் பயணத்துக்கு 20 டாலருக்கே டிக்கெட் வைத்தார். மாறும் விலை வேண்டாம் என்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு மாற்ற முடியாது, வேண்டாமென்றால் அதே விலைக்குத் திருப்பி விற்கலாம் என்று ஏற்பாடு செய்தார். நியூயார்க், இல்லினாய், கொலராடோ மாநிலங்களில் மட்டும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மறுவிற்பனை உரிமையை அங்கே சட்டமே காப்பாற்றுகிறது. விற்பனை தொடங்கியதும் ரசிகர்கள் தங்கள் பில்லைப் படம் எடுத்துப் போட்டார்கள். டிக்கெட் 20 டாலர், அதன் மேல் சேவைக் கட்டணம், வளாகக் கட்டணம், ஆர்டர் கட்டணம் எல்லாம் சேர்ந்து, கட்டணங்கள் மட்டுமே 20 டாலரைத் தாண்டியிருந்தன. ஸ்மித் ட்விட்டரில் முழுக்கப் பெரிய எழுத்துகளிலேயே தன் அருவருப்பை எழுதினார். டிக்கெட் நிறுவனத்தோடு பேசினார். மிகக் குறைந்த விலை டிக்கெட் ஒவ்வொன்றுக்கும் 10 டாலரும், மற்ற டிக்கெட்டுகளுக்குத் தலா 5 டாலரும் ரசிகர்களுக்குத் திரும்பக் கிடைத்தன. தொகை சின்னது. ஆனாலும், எங்கள் கையில் எதுவும் இல்லை என்று கலைஞர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 10 டாலர் நினைவுக்கு வருகிறது.

வேறு வழிகளும் உண்டு. கார்த் புரூக்ஸ் என்ற அமெரிக்க 'கன்ட்ரி' இசைப் பாடகர், கூட்டம் அதிகமானால் விலையை ஏற்றாமல் அதே ஊரில் இன்னும் சில காட்சிகளைச் சேர்த்துவிடுவார். எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டால் பிளாக்கில் வாங்க ஆள் ஏது? அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயல் முன்வரிசை டிக்கெட்டுகளை விற்காமல் வைத்துக்கொண்டார். அவருடைய ஆட்கள் அரங்கின் கடைசி வரிசைகளுக்குப் போய், அங்கே இருந்த ரசிகர்களை அழைத்துவந்து முன்னால் உட்காரவைத்தார்கள். காசு கொடுத்து முன்னால் வந்து, உற்சாகமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்த்துப் பாடிச் சலித்துவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அயர்லாந்தில் 2021இலேயே, பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். பிரிட்டன் அரசும் அதே வழியில் போகப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது.

இவ்வளவு வழிகள் இருக்கும்போது, விலையை ஏற்றுவது ஒரு கலைஞரின் தேர்வு. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. மாறும் விலை வரப்போவது எங்களுக்குத் தெரியாது, அதையெல்லாம் மேலாளர்களும் அமைப்பாளர்களும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஓயாசிஸ் அறிக்கை விட்டது. அதை நான் ஏற்கவில்லை. சில வாரங்கள் கழித்து வட அமெரிக்காவில் டிக்கெட் விற்றபோது மாறும் விலை கிடையாது என்று அறிவிக்க அவர்களால் முடிந்ததே. இவ்வளவு கூட்டத்தில் அந்த முறை ரசிகர்களுக்கு ஏற்க முடியாத அனுபவமாகிவிடலாம் என்று அப்போது அவர்கள் தரப்பே ஒப்புக்கொண்டது. லண்டனின் வெம்பிளி அரங்கில் கூடுதலாகச் சேர்த்த காட்சிகளுக்கு, முதல் விற்பனையில் கிடைக்காதவர்களை அழைத்துக் குலுக்கல் நடத்தினார்கள். அதை ஆகஸ்ட் 31க்கு முன்பே செய்திருக்கலாம். பெரிய கூட்டம் வரும் நிகழ்ச்சிகளுக்கு வரிசையைவிடக் குலுக்கலே மேல் என்பது என் எண்ணம். சனிக்கிழமை காலை ஷிப்ட் பார்க்கும் நர்ஸுக்கும் கடை ஊழியருக்கும் லேப்டாப் முன்னால் உட்கார நேரமில்லை. அவர்களும் ரசிகர்கள்தான்.

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அன்றைய வரிசைப் பக்கத்தின் படமோ விலை காட்டிய பக்கத்தின் படமோ இன்னும் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். டிக்கெட்டோடு வந்த மின்னஞ்சலையும் எடுத்துக்கொண்டு, முதலில் எந்த விலை அறிவிக்கப்பட்டது, உங்களிடம் எவ்வளவு வாங்கினார்கள், இடையில் என்ன சொன்னார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பிரதியை விற்ற தளத்துக்கும், ஒன்றை அந்த ஆணையத்துக்கும், ஒன்றை உங்கள் குழுவின் நிர்வாகத்துக்கும் அனுப்புங்கள். குழுவுக்கு எழுதுவதில் மட்டும், பென்டிரைவில் தொடங்கிய கதையையும் சேர்த்து எழுதுங்கள். தாங்கள் யாரிடம் அந்த விலையை வாங்கினோம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்