செயற்கை வால்வு பொருத்தியவர்: பல் பிடுங்கும் நாளும் காய்ச்சல் வரும் நாளும்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் என் கணவருக்கு இதயத்தின் மைட்ரல் வால்வை அகற்றிவிட்டு உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். சொத்தையான கடைவாய்ப் பல்லைச் சேலத்தில் பிடுங்க வேண்டும். அதற்கு முன்பு மாத்திரை போட வேண்டுமாமே, எப்போது போடுவது? வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: பல்லைப் பிடுங்கும்போது வாயிலுள்ள கிருமிகள் சிறிது நேரம் இரத்தத்தில் கலப்பது எல்லோருக்கும் நடப்பதுதான், ஆனால் செயற்கை வால்வில் அவை ஒட்டிப் பெருகினால் வால்வு பழுதாவதோடு, அங்கிருந்து பிய்ந்து வரும் துணுக்கு மூளைக்குச் சென்று பக்கவாதமும் வரக்கூடும். ஆகவே உங்கள் கணவருக்கு, கிருமிகளைக் கொல்லும் அந்த ஆன்டிபயாடிக் மாத்திரை அவசியம். பெனிசிலின் ஒவ்வாமை இல்லாத பெரியவர்களுக்கு வழக்கமாகத் தருவது அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே வேளையாக, பல் பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பு. வீட்டிலேயே விழுங்கிவிட்டுப் பேருந்து ஏறினால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, மருத்துவமனையிலும் காத்திருந்து முடிப்பதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். மாத்திரையைக் கையோடு எடுத்துச் சென்று, பல் மருத்துவர் நேரத்தை உறுதிசெய்த பிறகு அங்கேயே போடச் சொல்லுங்கள். மறந்துவிட்டால், பல் எடுத்த 2 மணி நேரத்துக்குள்ளாவது போட்டுவிட வேண்டும். வாதக் காய்ச்சலுக்காக 3 வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுவருபவராக இருந்தால், வேறு வகை மருந்து தேவைப்படும் என்பதால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்து இதய மருத்துவர் முடிவு செய்வார்.

பல் பிடுங்குவதைவிட நான் அதிகம் அஞ்சுவது, காய்ச்சல் வந்ததும் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் பழக்கத்தைத்தான். இரண்டு மூன்று வேளை போட்டதும் காய்ச்சல் தணியும். வால்வில் கிருமி தங்கியிருந்தால் அது அழியாது, ஆனால் இரத்தத்தில் கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் பரிசோதனையில் சிக்காமல் போய்விடும். காரணம் தெரியாத காய்ச்சல், குளிர் நடுக்கம், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவற்றில் எது வந்தாலும், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு நேரே வந்துவிடுங்கள்.

தினமும் இருவேளை பல் துலக்குவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டுவதும், எப்போதோ ஒருநாள் போடும் மாத்திரைக்குக் குறையாத பாதுகாப்பு. கவாத்துக் கத்திக் காயமோ முள் கீறலோ சீழ் பிடித்தால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். செயற்கை வால்வு இருப்பதைக் குறித்த அட்டை எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். எந்த மருத்துவரிடம் சென்றாலும், முதல் ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பாகவே அதைக் காட்டி, கல்ச்சருக்கு இரத்தம் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.