பிரார்த்தனையைச் சோதித்த ஆய்வுகள்

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பாவுக்கு அடுத்த மாதம் பைபாஸ் ஆபரேஷன். சர்க்கரையும் இருக்கிறது. பெரியம்மா சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் கூட்டு வழிபாடு நடத்துகிறார். குடும்ப வாட்ஸப் குழுவில் அவர் ஒரு செய்தியைப் போட்டார்: ‘393 இதய நோயாளிகளை வைத்து அமெரிக்க டாக்டர் ஒருவர் பிரார்த்தனையின் பலனை நிரூபித்துவிட்டார்.’ பெரியப்பாவின் மருமகன், எனக்கு அத்தான், பெரியார் வழியில் வந்தவர். ‘ஹார்வர்டு ஆய்வில் பிரார்த்தனை செய்யப்பட்டவர்களுக்குத்தான் அதிகச் சிக்கல் வந்தது. கடவுள் இல்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?’ என்று அவர் பதில் போட்டார். இரண்டு நாளாகச் சண்டை ஓயவில்லை. பெரியப்பா எல்லாவற்றையும் படித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். எது உண்மை? நாங்கள் வேண்டிக்கொள்வதை அவரிடம் சொல்லலாமா, கூடாதா?

மீனாட்சி, துறையூர்

அன்புள்ள மீனாட்சி,

இரண்டு ஆய்வுகளும் நடந்தவைதான். உங்கள் பெரியம்மாவும் அத்தானும் அவற்றிலிருந்து எடுத்த முடிவுகள்தான் தவறு. ஆபரேஷனுக்கு முன்னால் இது தெளிவாகிவிடுவது நல்லது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரியம்மா அனுப்பியது ராண்டால்ஃப் பைர்டு என்ற இதயநோய் மருத்துவரின் ஆய்வு. சான்ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 1982-83இல் நடந்தது, 1988இல் வெளியானது. 393 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 192 பேருக்காக வெளியே இருந்த கிறிஸ்தவர்கள் ஜெபித்தார்கள், 201 பேருக்காக ஜெபிக்கவில்லை. யார் எந்தக் குழு என்பது நோயாளிக்கும் தெரியாது, சிகிச்சை தந்த மருத்துவருக்கும் தெரியாது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

எதை அளப்பது என்பதில்தான் கோளாறு. ஒரே கேள்வியை முன்கூட்டி எழுதிவைத்து அதற்கு மட்டும் விடை தேடியிருக்க வேண்டும். பைர்டு இருபதுக்கும் மேற்பட்ட விளைவுகளை அளந்தார். ஆறில் ஜெபக்குழு நன்றாக இருந்தது. மற்றவற்றில் வேறுபாடு இல்லை. மருத்துவமனையில் இருந்த நாட்களிலும் இல்லை, இறப்பிலும் இல்லை. ஒரு வேறுபாடு தற்செயலாக வருவதற்கு இருபதில் ஒரு வாய்ப்புக்கும் குறைவாக இருந்தால்தான் அதைப் பொருட்படுத்துவது மருத்துவ ஆய்வில் வழக்கம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது விஷயங்களை அளந்தால், பிரார்த்தனையே நடக்காவிட்டாலும், ஒன்றாவது இந்த வரம்பைத் தாண்டுவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்றோடொன்று தொடர்புள்ளவையாக இருந்தால் கொத்தாகவே தாண்டும். அந்த ஆறில் இதயச் செயலிழப்பு ஒன்று, அதற்குக் கொடுக்கும் நீர்மாத்திரை இன்னொன்று. நிமோனியா ஒன்று, அதற்குத் தரும் ஆன்டிபயாடிக் இன்னொன்று. நோயையும் அதற்கான மருந்தையும் தனித்தனியாக எண்ணினால் கணக்கு வீங்கத்தான் செய்யும்.

பைர்டு மேல் சந்தேகமே வேண்டாம் என்று வைத்துக்கொண்டாலும், அதே முடிவு மறுபடி வர வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 990 இதய நோயாளிகளை வைத்துப் பார்த்த ஆய்வு 1999இல் வெளியானது. மருத்துவமனையில் இருந்த நாள் கணக்கில் வேறுபாடு இல்லை. நோயாளியின் நிலையை மதிப்பிட பைர்டு பயன்படுத்திய மதிப்பெண் முறையிலும் வேறுபாடு இல்லை. அந்தக் குழு தானே உருவாக்கிய வேறொரு மதிப்பெண்ணில் மட்டும் சுமார் 11 சதவீதம் வேறுபாடு வந்தது. ஆய்வுக்கு ஆய்வு வேறு வேறு இடத்தில் தலைகாட்டும் பலனை ‘நிரூபணம்’ என்று சொல்ல முடியாது.

இந்தப் பொறி எவ்வளவு ஆழம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். இஸ்ரேலைச் சேர்ந்த மருத்துவர் லியோனார்ட் லைபோவிசி, 1990 முதல் 1996 வரை ரத்தத்தில் கிருமித்தொற்றோடு சேர்க்கப்பட்டிருந்த 3393 பேரின் பழைய கோப்புகளை எடுத்து, 2000ஆம் ஆண்டில் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியினருக்காகப் பிரார்த்தனை செய்யப்பட்டது. அந்த நோயாளிகள் குணமாகியோ இறந்தோ நான்கு முதல் பத்து வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் பிரார்த்தனைக் குழுவில் காய்ச்சல் நாட்களும் மருத்துவமனை நாட்களும் குறைவாக இருந்தன, புள்ளியியல் வரம்பையும் தாண்டின. நடந்து முடிந்ததைப் பின்னால் செய்த பிரார்த்தனை மாற்றியது என்று யாரும் ஏற்க மாட்டோம். குலுக்கல் சரியாக நடந்தாலும் தற்செயல் இப்படி நம்மை ஏமாற்றும் என்பதற்கு இது நேரடி எச்சரிக்கை.

இனி அத்தான் சொன்ன ஆய்வு. ஹார்வர்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் தலைமையில், ஆறு அமெரிக்க மருத்துவமனைகளில், பைபாஸ் செய்துகொண்ட 1802 பேரை வைத்து நடத்தியது. முடிவு 2006இல் வந்தது. இந்த விஷயத்தில் இவ்வளவு கவனமாகத் திட்டமிட்ட ஆய்வு வேறில்லை என்பது என் கணிப்பு. செலவு 24 லட்சம் டாலர். பெரும்பகுதியைக் கொடுத்தது டெம்பிள்டன் அறக்கட்டளை, மதத்துக்கும் அறிவியலுக்கும் பாலம் போட விரும்பும் அமைப்பு. நாத்திகர்கள் கட்டிய ஆய்வல்ல இது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று குழுக்கள். முதல் இரண்டு குழுவினரிடமும் ‘உங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம்’ என்றார்கள். முதல் குழுவுக்கு நடந்தது, இரண்டாவதற்கு நடக்கவில்லை. மூன்றாம் குழுவிடம் ‘உங்களுக்காகக் கட்டாயம் பிரார்த்திக்கிறார்கள்’ என்று சொல்லி, சொன்னபடியே செய்தார்கள். பிரார்த்தித்தவர்கள் மூன்று கிறிஸ்தவக் குழுவினர். அவர்களுக்கு நோயாளியின் முதல் பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டும் போகும். ஆபரேஷனுக்கு முந்தைய இரவில் தொடங்கி 14 நாள். அவரவர் வழக்கப்படி ஜெபிக்கலாம். ஆனால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சிக்கலின்றிச் சீக்கிரம் குணமாக வேண்டும் என்ற பொருளில் ஒரே வாசகத்தை எல்லோரும் சேர்த்தாக வேண்டும். அளந்தது ஒன்றைத்தான்: 30 நாளுக்குள் ஏதாவது ஒரு சிக்கல் வந்ததா? இதை முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். பைர்டு விழுந்த குழியை இப்படித் தாண்டினார்கள்.

முதல் குழுவில் 604 பேரில் 315 பேருக்குச் சிக்கல், 52 சதவீதம். இரண்டாவதில் 597இல் 304, 51 சதவீதம். மூன்றாவதில் 601இல் 352, 59 சதவீதம்.

பிரார்த்தனைக்குப் பலன் உண்டா என்ற கேள்விக்கு விடை சொல்வது முதல் இரண்டு குழுக்களின் ஒப்பீடுதான். இரண்டுக்கும் உள்ள ஒரே வேறுபாடு பிரார்த்தனை. 52க்கு 51. பலனும் இல்லை, கெடுதலும் இல்லை. மூன்றாம் குழுவை முதல் குழுவோடு ஒப்பிட வேண்டும். இரண்டு குழுக்களுக்கும் பிரார்த்தனை நடந்திருக்கிறது. வேறுபாடு என்னவென்றால், மூன்றாம் குழுவுக்கு அது தெரியும். ஆகவே 59 சதவீதத்தைக் காட்டி ‘பிரார்த்தனை கெடுதல் செய்கிறது’ என்று சொல்வதற்கு இந்த ஆய்வில் இடமே இல்லை. உங்கள் அத்தான் நேர்மையான பகுத்தறிவுவாதி என்றால் அந்த வரியைத் திரும்பப் பெற வேண்டும்.

அந்த 59கூட உறுதியானது அல்ல. இப்படி ஒரு வேறுபாடு தற்செயலாக வர ஏறக்குறைய நாற்பதில் ஒரு வாய்ப்பு உண்டு. தற்செயலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். பெரிய சிக்கல்களும் 30 நாள் இறப்பும் மூன்று குழுக்களிலும் ஒத்தே இருந்தன. ‘ஏதாவது ஒரு சிக்கல்’ என்ற கணக்கில், பைபாஸுக்குப் பிறகு பலருக்கு வந்து மருந்தில் அடங்கிவிடும் இதயத் துடிப்புக் கோளாறும் சேர்த்தி. ஆளைத் தேடிவந்து ‘உங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறது’ என்று சொன்னதும், ‘என் நிலைமை அவ்வளவு மோசமா?’ என்று சிலர் பதறியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அது ஊகம்தான்.

இந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு. இரண்டாம் குழுவினருக்காக யாருமே வேண்டவில்லை என்று நினைக்க முடியாது. அவர்களுக்கும் மனைவி, மக்கள், உறவினர், சபை எல்லாம் இருந்தார்கள். மூன்று குழுக்களிலும் ஏறத்தாழ எல்லோருமே தங்களுக்காக வீட்டார் வேண்டுகிறார்கள் என்றே நம்பினார்கள். ஆக, அங்கே சோதிக்கப்பட்டது, வீட்டாரின் பிரார்த்தனைக்கு மேலே முன்பின் தெரியாதவர்களின் பிரார்த்தனையைச் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா என்பது மட்டுமே. இல்லை என்று விடை வந்தது. பெரியம்மாவின் வெள்ளிக்கிழமை வழிபாட்டை யாரும் அளக்கவில்லை, இந்த முறையில் அளக்கவும் முடியாது. வேண்டாதே என்று எந்தக் குடும்பத்திடம் சொல்ல முடியும்?

இந்த வழக்கு பழையது. 1872இல் லண்டனில், அறுவைசிகிச்சை நிபுணர் ஹென்றி தாம்ப்சன் பெயர் போடாமல் எழுதிய யோசனையை இயற்பியலாளர் ஜான் டிண்டால் வெளியிட்டார். மருத்துவமனையின் ஒரு வார்டுக்காக மூன்று முதல் ஐந்து வருடம் நாடு முழுக்கப் பிரார்த்திக்கட்டும், பிறகு இறப்பு விகிதத்தை ஒப்பிடுவோம் என்பதே யோசனை. கடவுளைப் பரீட்சை பார்ப்பது பாவம் என்று மதத் தரப்பில் பெரும்பாலும் மறுத்துவிட்டார்கள். அதே ஆண்டில் புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன் வேறு வழியில் போனார். அரசர் நீடூழி வாழ வேண்டுமென்று தேவாலயங்கள் தோறும் வேண்டுகிறார்களே, அரச குடும்பத்தார் கூடுதல் காலம் வாழ்ந்தார்களா? 97 பேரின் சராசரி 64.04 வயது. நிலவுடைமைக் குடும்பத்தார் 70.22, பாதிரியார்கள் 69.49. வசதியான வகுப்புகளிலேயே அரச குடும்பத்தார் கடைசி. கால்டனின் கணக்கிலும் ஓட்டை உண்டு: அங்கே குலுக்கல் இல்லை. அரண்மனை வாழ்க்கையின் வேறு கேடுகள் வயதைக் குறைத்திருக்கலாம்.

நம் ஊரில் இதே தவறு நினைவில் நடக்கிறது. 1984இல் எம்.ஜி.ஆர் நோயில் விழுந்தபோது தமிழ்நாடே கோயிலிலும் தேவாலயத்திலும் தர்காவிலும் வேண்டியது. 1985 பிப்ரவரியில் அவர் திரும்பி வந்தார். ‘மக்கள் பிரார்த்தனை காப்பாற்றியது’ என்பது இன்றும் வழங்கும் பேச்சு. நடுவில் அமெரிக்காவின் புருக்ளினில் நடந்த சிறுநீரக மாற்று அறுவைசிகிச்சை பேச்சில் பின்னால் போய்விட்டது. 2016இல் ஜெயலலிதாவுக்காக 75 நாள் அதே உருக்கத்தோடு வேண்டினார்கள், பால்குடம் எடுத்தார்கள், மண்சோறு சாப்பிட்டார்கள். டிசம்பர் 5ஆம் தேதி அவர் இறந்தார். இதை யாரும் பிரார்த்தனையின் கணக்கில் எழுதுவதில்லை. பலித்ததை மட்டும் எண்ணினால் எந்த மருந்தும் நூற்றுக்கு நூறு குணமாக்கும்.

என் நிலைப்பாட்டை மறைக்கவில்லை. அந்நியர் செய்யும் பிரார்த்தனை நோயைக் குறைப்பது அளவிடத்தக்க உண்மை என்ற வாதம் தோற்றுவிட்டது. இதில் நாத்திகர் தரப்பே சரி. அதைத் தாண்டி ‘கடவுள் இல்லை’ என்று போனால் ஆய்வு சொல்லாததைச் சொல்கிறார்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும், புள்ளியியலில் தெரியும்படி கொடுத்தாக வேண்டும் என்ற ஒரு வகைக் கடவுளைத்தான் இந்த ஆய்வு தொடுகிறது. வினைப்பயனை அனுபவித்தே தீர வேண்டும் என்பவரின் கடவுளையோ, எதையும் கேட்காமல் கும்பிடுபவரின் கடவுளையோ அது தொடவில்லை. அவற்றை மறுக்க வேறு வாதங்கள் உண்டு, அவற்றைக் கொண்டுவர வேண்டும். நம்பிக்கையாளருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பைர்டு ஆய்வைப் பகிர்ந்துவிட்டு, பென்சன் ஆய்வு வந்ததும் ‘கடவுளைச் சோதிக்கக் கூடாது’ என்பது நேர்மையல்ல. சோதிக்கக் கூடாது என்றால் இரண்டையும் விட வேண்டும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். அந்த 59 சதவீதத்துக்குப் பயந்து பெரியம்மா எதையும் ஒளிக்க வேண்டாம். முன்பின் தெரியாதவர்களைப் பற்றி ஆய்வுக்காரர்கள் சொன்ன செய்தி அது. மனைவி தனக்காகச் சாமி கும்பிடுவார் என்பது பெரியப்பாவுக்கு எப்போதும் தெரியும். அதை இப்போது மறைத்தால்தான் அவருக்குப் பயம் வரும். ‘ஊரே உங்களுக்காக வேண்டுகிறது’ என்று பெரிதுபடுத்தாமல், வழக்கம்போல நடக்கட்டும். அந்த வாட்ஸப் சண்டையை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள்.

வேண்டுதலுக்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, நிறுத்தவே வேண்டுமா என்பதை அறுவைசிகிச்சை நிபுணர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவர் விரதம் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். ஆகவே விரதத்தைப் பெரியம்மா எடுத்துக்கொள்ளட்டும். திருநீறு நெற்றியோடு இருக்கட்டும், மார்பில் தையல் போட்ட இடத்தில் வேண்டாம். தேதியை மருத்துவர் அவசரம் என்று சொன்னால் நல்ல நாளுக்காகத் தள்ளாதீர்கள்.

பலரும் மறந்துவிடுவது கயிறு. பைபாஸின்போது ரத்த அழுத்தத்தைக் கவனிக்க மணிக்கட்டுத் தமனியில் ஊசி ஏற்றுவார்கள். காலிலிருந்து ரத்தக் குழாய் எடுக்க வேண்டியிருந்தால் இடுப்பிலிருந்து பாதம் வரை மருந்து தடவிச் சுத்தம் செய்வார்கள். கையிலுள்ள சாமிக்கயிறு, அரைஞாண், உலோகத் தாயத்து எல்லாம் அகற்றப்படும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், அன்று காலையில் செவிலியர் கத்தரிக்கோலோடு வரும்போது சமயபுரத்துக் கயிற்றை அறுக்கிறார்களே என்று பெரியப்பா கலங்குவார். முந்தின இரவே பெரியம்மா தன் கையால் அவிழ்த்து, தன் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளட்டும். வார்டுக்குத் திரும்பியதும் செவிலியரிடம் கேட்டுவிட்டு மறுபடி கட்டிவிடலாம்.