பற்றைக் காணியைத் துப்புரவாக்க முன்…

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி பற்றை மண்டிக் கிடக்கிறது. டோசர் போட்டு வழித்துவிட்டு வேம்பும் தேக்கும் நட யோசிக்கிறேன். போன முறை ஒரு மூலையில் நட்ட கன்றுகள் ஆவணிக்குள் பட்டுப்போயின. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் டோசர் வேண்டாம். நீங்கள் பற்றை என்று சொல்வது பெரும்பாலும் வெட்டுப்பட்ட காடுதான். பாலை, வீரை, முதிரை, காயாவின் அடிக்கட்டைகள் இன்னும் உயிரோடு இருக்கும். ஆழ ஊன்றிய அந்த வேருக்கு எந்த நாற்றுமேடைக் கன்றும் ஈடாகாது. டோசர் வேரையும் மேல்மண்ணையும் சேர்த்தே வழிக்கும். மிஞ்சும் செம்மண் வெயிலில் இறுகிவிடும். மாரி மழை உள்ளே இறங்காமல் ஓடும். அங்கே முதலில் குடியேறுவது பார்த்தீனியம், நாயுண்ணி என்ற களைச்செடிகள்தான்.

புரட்டாதியில் காணி முழுக்க நடந்து, கட்டைகளுக்குத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். ஒரு கட்டையில் ஏழெட்டுத் தளிர் இருந்தால் நிமிர்ந்த இரண்டை விட்டு மற்றவற்றை அடியோடு வெட்டுங்கள். அடுத்த வருடம் ஒன்றாக்கலாம். சூரை, இலந்தை முட்பற்றைகளை விட்டுவையுங்கள். கட்டாக்காலி மாடு வாய்வைக்காத இடம் அது. குருவி எச்சத்தில் விழும் விதை அந்த நிழலில்தான் பிழைக்கும்.

வெட்டவெளியாக உள்ள இடங்களில் மட்டும் நடுங்கள். போன முறை எந்த மாதம் நட்டீர்கள் என்று எழுதவில்லை. மார்கழிக்குப் பிந்தியிருந்தால், சோளகம் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீச முன் வேர் ஆழம் போக நேரம் போதாது. ஐப்பசியின் முதல் மழைக்கே அவசரப்படுவதும் பிழை. இப்போதெல்லாம் இடையில் வெயில் அடித்துவிடுகிறது. ஒன்றரை அடி ஆழத்துக்கு மண் நனைந்ததைத் தோண்டிப் பார்த்து, கார்த்திகைக்குள் நட்டு முடியுங்கள்.

குழி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். மூன்று பங்கு மேல்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய மாட்டெரு. பச்சைச் சாணம் கறையானை அழைக்கும். பையின் அடியில் ஆணிவேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை வெட்டிவிட்டு நடுங்கள், இல்லையென்றால் கோடையில் அதே கன்றுதான் முதலில் சாகும். சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் ஒரு சாண் வரம்பு கட்டி, ஒரு முனையைத் திறந்து விடுங்கள்: 2018 மார்கழி போலக் கொட்டினால் தண்ணீர் வடிய வழி வேண்டும்.

மேட்டில் பாலை, முதிரை, விளா, புளி, கொன்றை. ஈரம் நிற்கும் தாழ்வில் மருது, நாவல், இலுப்பை. வேம்பும் இடையிடையே நிற்கட்டும். தேக்கு இலங்கையின் சொந்த மரமல்ல, கோடையில் இலை கொட்டி வெறுமையாகும். வேண்டுமானால் எல்லையோரம் சில நடலாம். மழை குழம்பும் வருடத்தில் ஒரே இன மரங்கள் ஒன்றாகவே அடிபடும். எட்டுப் பத்து இனம் கலந்திருந்தால் சில தாக்குப்பிடிக்கும்.

வேப்பம் விதையும் இலுப்பை விதையும் சேமித்து வைக்க ஏற்றவையல்ல. சதை கழுவி, நிழலில் உலர்த்தி, சில நாட்களுக்குள் போடுங்கள். கொன்றை விதையின் ஓரத்தைக் கல்லில் தேய்த்து ஓர் இரவு ஊறவிட்டால் முளைக்கும்.

பார்த்தீனியத்தைப் பூக்க முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். கையுறை கட்டாயம், தோல் அரிப்பெடுக்கும். பூத்துவிட்டதென்றால் நின்ற இடத்திலேயே சாக்கில் கட்டுங்கள். இழுத்துச் சென்றால் வழியெல்லாம் விதைப்பீர்கள்.