மாலை மின்னஞ்சலில் காணாமல் போன கணவாய்

அன்புள்ள ஐயா,

மண்டபம், பாம்பன் கரைகளில் அன்றன்று ஏலம் போகும் மீன்களின் விலையைக் காட்டும் சிறு தளம் ஒன்றை, பைத்தான் மொழியில் இணையதளம் எழுத உதவும் ஜாங்கோவில் எழுதியிருக்கிறேன். தேடல் பெட்டியில் ‘கணவாய்’ என்று தட்டினால், அச்சொல்லை, பக்கத்தின் வார்ப்பான டெம்ப்ளேட்டிலேயே, உலாவி அனுப்பும் கோரிக்கையான ரெக்வெஸ்டிலிருந்து எடுத்துத் தலைப்பில் காட்டுகிறேன். உலாவியில் சரியாக வருகிறது. அதே டெம்ப்ளேட்டைக் கொண்டு, வியாபாரிகள் பதிந்து வைத்த மீனின் விலையை மாலை ஆறு மணிக்குத் தானாக அனுப்பும் மின்னஞ்சலில் மீனின் பெயர் மட்டும் வெறுமையாக இருக்கிறது. பிழைச்செய்தியும் இல்லை. தவறு எங்கே?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

மாலை ஆறு மணிக்கு உங்கள் தளத்திடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஆகவே அங்கே ரெக்வெஸ்டும் இல்லை. உலாவியில் அது கிடைப்பது, கோரிக்கைக்குப் பதில் தயாரிக்கும் நிரலான வியூவில், பக்கத்தை உருவாக்கும் ரெண்டருக்கு நீங்கள் ரெக்வெஸ்டைக் கொடுப்பதாலும், புதிய திட்டத்தின் அமைப்புக் கோப்பில் ஜாங்கோ எழுதியே தரும் கான்டெக்ஸ்ட் பிராசசர் (டெம்ப்ளேட்டுகளுக்குப் பொதுவான மாறிகளைத் தரும் நிரல்) அதை டெம்ப்ளேட்டுக்குள் சேர்த்துவிடுவதாலும்தான். மின்னஞ்சலுக்காக, டெம்ப்ளேட்டை வெறும் எழுத்துச்சரமாக்கித் தரும் ரெண்டர்_டு_ஸ்ட்ரிங்கை ரெக்வெஸ்ட் இல்லாமல் அழைக்கும்போது அந்தப் பிராசசர் ஓடுவதில்லை. கிடைக்காத மாறியை ஜாங்கோ வெற்றிடமாக அச்சிட்டுவிட்டு நகர்ந்துவிடும். இந்தப் பெருந்தன்மை எனக்கு என்றுமே உவந்ததில்லை.

ரெக்வெஸ்டைப் பிரித்துப் பார்ப்பது வியூவின் வேலை. அங்கேயே தேடிய சொல்லை எடுத்து, ‘meen_peyar’ என்று, டெம்ப்ளேட்டுக்குத் தரும் மாறிகளின் தொகுப்பான கான்டெக்ஸ்டில் வைத்து அனுப்புங்கள். மின்னஞ்சல் நிரல் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் பெயரையும் அதே மாறியில் வையுங்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்பது டெம்ப்ளேட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலும் இதனால் தீரும். ஒருவர் கணவாய், நண்டு என இரண்டையும் தேர்ந்தெடுத்தால், டெம்ப்ளேட்டில் நேராக எடுக்கும்போது கடைசியாக வந்த நண்டு மட்டுமே கிடைக்கும். முழுப் பட்டியலைத் தரும் கெட்லிஸ்டை அதற்குரிய சாவியின் பெயரைக் கொடுத்து அழைக்க வேண்டும். டெம்ப்ளேட் மொழியில் அதற்கு வழியில்லை, வியூவில் ஒரே வரி.

பயனர் தேர்ந்த கரையின் பெயரைப் போல எல்லாப் பக்கங்களிலும் தோன்ற வேண்டியவற்றுக்கு மட்டும் சொந்தமாக ஒரு கான்டெக்ஸ்ட் பிராசசர் எழுதலாம். மின்னஞ்சலில் அதையும் நீங்களே கொடுக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் அனுப்பிய வரியில், தேடிய சொல்லோடு சேஃப் வடிகட்டியும் ஒட்டியிருக்கக் கண்டேன். முகவரிப் பட்டையில் யார் வேண்டுமானாலும் ஸ்கிரிப்டை எழுதி, அந்த இணைப்பை வியாபாரி ஒருவருக்கு அனுப்பலாம். HTML குறிகளை வெறும் எழுத்தாக மாற்றி ஜாங்கோ தானாகச் செய்யும் காப்பை அந்த ஒரு சொல் நீக்கிவிடுகிறது. மின்னஞ்சலைச் சரிசெய்யும் முன் அதை எடுத்துவிடுங்கள்.