ஏதென்ஸ் மக்கள் நம்மைவிடச் சுதந்திரமாக இருந்தார்களா?

கேள்வி இது: "சிங்கப்பூரில் நாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வாக்களிக்கிறோம். பழங்கால ஏதென்ஸில் மக்களே கூடி முடிவெடுத்தார்கள். அப்படியென்றால் அவர்களுக்குத்தானே சுதந்திரம் அதிகம்? விவாதப் போட்டிக்காகக் கேட்கிறேன்."

அதிகமா குறைவா என்று அளக்கப் போனால் விவாதம் முதல் நிமிடத்திலேயே சிக்கிக்கொள்ளும். ஏதென்ஸ்காரர் சுதந்திரம் என்றால் 'ஆட்சியில் எனக்கும் பங்கு உண்டு' என்று பொருள். நாம் சொல்லும்போது 'ஆட்சி இதற்கு மேல் என்னைத் தொடக்கூடாது' என்று பொருள். அவர்களுடையது பங்கு, நம்முடையது வேலி. நம் பழைய கிராமக் கணக்குகளிலும் 'சுதந்திரம்' என்ற சொல் ஊர் ஊழியருக்கு விளைச்சலில் பரம்பரையாகச் சேர வேண்டிய பங்கைக் குறித்திருக்கிறது. பங்கு என்ற பொருள் நமக்கும் அந்நியமில்லை.

அந்தப் பங்கு எவ்வளவு பெரியது என்பதை விவரமாகவே சொல்லுங்கள். பலர் 'நேரடி ஜனநாயகம்' என்ற சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். கிமு 4ஆம் நூற்றாண்டில் மக்கள் சபை ஆண்டுக்கு 40 முறை கூடியது. சில முடிவுகளுக்கு 6,000 பேர் வந்திருக்க வேண்டும். சபைக்கு வேலைகளைத் தயார் செய்யும் மன்றத்தில் 500 பேர்: 10 குலங்களிலிருந்து குலத்துக்கு 50 பேர். முப்பது வயது நிரம்பியவர், ஓராண்டு, வாழ்நாளில் இருமுறைக்கு மேல் கிடையாது. படைத்தலைவர் போன்ற சில பதவிகளுக்கு மட்டுமே தேர்தல், மற்றவை பெரும்பாலும் குலுக்கல். தேர்தலைச் சிலராட்சியின் வழி, குலுக்கலை மக்களாட்சியின் வழி என்றே அரிஸ்டாட்டில் எழுதினார்.

நீதிமன்றக் குலுக்கலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். நெட்டையான ஒரு கற்பலகை, அதில் வரிசை வரிசையாகத் துளைகள். வழக்கில் தீர்ப்பளிக்கும் நடுவராக இருக்க விரும்புகிறவர் தம் பெயர் பொறித்த தகட்டைக் காலையில் கொடுப்பார். அதைத் துளையில் செருகுவார்கள். பலகையின் ஓரக் குழாயில் கறுப்பும் வெள்ளையுமான குண்டுகளைக் கலந்து கொட்டி, ஒவ்வொன்றாக விழவிடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசையில் தகடு உள்ள எல்லாரும் அன்றைய நடுவர்கள். கறுப்பு என்றால் அந்த வரிசை முழுவதும் வீட்டுக்கு. எந்த வழக்குக்கு யார் நடுவர் என்பது அன்று காலைவரை யாருக்கும் தெரியாது. யாருக்கு லஞ்சம் கொடுப்பது?

தமிழ்நாட்டு உத்திரமேரூரின் குடவோலை முறையை இங்கே கொண்டுவரலாம், ஆனால் கவனமாக. பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்வது இது: 30 குடும்புகள் (இன்றைய வட்டாரங்கள் மாதிரி), தகுதியுள்ளவர் பெயர்களை எழுதிய ஓலைகள் குடத்தில், அதிலிருந்து ஒரு சிறுவன் எடுப்பான். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கவே முடியாது. அருமையான ஏற்பாடு, பெருமையாகச் சொல்லுங்கள். ஆனால் அது பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஊர். வேதக் கல்வியும், வரி கட்டும் கால் வேலி (வேலி என்பது ஒரு நில அளவு) நிலமும், சொந்த மனையும், 35 முதல் 70 வரை வயதும் வேண்டும். 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று முழங்கினால் எதிரணி அதே கல்வெட்டை உங்கள்மேல் திருப்பும். தவிர, ஏதென்ஸ் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தது.

இனி வேலி. ஏதென்ஸில் பலவீனமான இடம் இதுதான், உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை 'யாரையாவது நாடு கடத்தலாமா?' என்று சபை முடிவு செய்யும். ஆம் என்றால், பின்னொரு நாளில் ஒவ்வொருவரும் உடைந்த பானை ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள். 6,000 ஓடு சேர்ந்தால், அதிகம் பெயர் வந்தவர் 10 நாளுக்குள் கிளம்பி 10 ஆண்டு வெளியே இருக்க வேண்டும். குற்றச்சாட்டும் கிடையாது, பதில் சொல்ல வாய்ப்பும் கிடையாது. ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் சரிவில் ஒரு கிணற்றிலிருந்து, தெமிஸ்டோக்ளிஸ் என்ற அரசியல் தலைவரின் பெயர் கீறிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் சேர்த்துப் பதினான்கு பேர் கையெழுத்துத்தான். ஒரு கூட்டம் முன்கூட்டியே எழுதி, விநியோகிக்க வைத்திருந்தது என்றே தெரிகிறது. இதன் பக்கத்தில் சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 13வது பிரிவை வையுங்கள்: எந்தக் குடிமகனையும் சிங்கப்பூரிலிருந்து நாடு கடத்தக்கூடாது. ஏதென்ஸில் மக்களே வாக்களித்துச் செய்ததை இந்தச் சட்டம் ஒரே வரியில் தடுக்கிறது.

இதைவிடக் கொடிய உதாரணம் கிமு 406. ஆர்கினுசே கடற்போரில் வென்று வந்த தளபதிகள், உடைந்த கப்பல்களில் தத்தளித்த தம் ஆட்களைப் புயலில் காப்பாற்றவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்று சிலர் எழுந்து வாதாடினார்கள். மக்கள் நினைத்ததைச் செய்ய விடாமல் தடுப்பதா என்று கூட்டம் கூச்சலிட்டது. அன்று சபையை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரட்டிஸ் உடன்பட மறுத்தார், பலனில்லை. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு, ஊரில் இருந்த ஆறு பேருக்கு மரணம். பிறகு மக்கள் வருந்தினார்கள். சட்டத்துக்கு முரணான தீர்மானத்தை எதிர்த்து வழக்குப் போட ஏதென்ஸிலும் ஒரு நடைமுறை இருந்தது. அன்று அதைக் கையில் எடுத்தவர்களை மிரட்டிப் பின்வாங்க வைத்தார்கள். கூட்டத்துக்கு வெளியே நின்று அந்த வேலியைக் காக்க யாருமில்லை.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர் பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட், 1819இல் பாரிஸில் ஆற்றிய உரையில். சிறிய நகரம், ஓய்வு கொடுக்கும் அடிமை உழைப்பு, ஓயாத போர் ஆகியவை பழைய சுதந்திரத்தைத் தாங்கின. பெரிய நாடும் வணிகமும் வந்தபின் அதை அப்படியே மீட்கப் போனால் கொடுமையில் முடியும் என்றார். பிரெஞ்சுப் புரட்சியின் 1793–94 பயங்கரத்தைக் கண்ட தலைமுறை அவர். ஆனால் விவாத மேடைகளில் அவரை 'புதியதே சிறந்தது என்றவர்' என்று பாதியில் வெட்டிவிடுகிறார்கள். உரையின் கடைசிப் பகுதி வேறு எச்சரிக்கை: சொந்தச் சுகத்தில் மூழ்கி, ஆட்சியில் நமக்குள்ள பங்கைச் சுலபமாக விட்டுக்கொடுத்துவிடுவோம் என்பது. அந்தக் கவலை ஏதென்ஸுக்கும் இருந்தது: சபைக்கு வருவோருக்குக் காசு கொடுத்தார்கள், சிவப்புச் சாயக் கயிற்றால் சந்தையிலிருந்து ஆட்களை வளைத்து ஓட்டியதை ஒரு நகைச்சுவை நாடகம் காட்டுகிறது. இங்கே சிங்கப்பூரில் வாக்களிப்பு கட்டாயம்; தகுந்த காரணமில்லாமல் தவறினால் பெயர் பட்டியலிலிருந்து போகும், திரும்பச் சேர 50 வெள்ளி.

அதிகம் பேர் சறுக்குவது 'மக்கள்' என்ற சொல்லில். ஏதென்ஸில் பெண்களும் அடிமைகளும் வாக்கில் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். வந்தேறிக் குடிகளை மறந்துவிடுவார்கள். அவர்களில் ஓர் ஆண் ஆண்டுக்கு 12 டிராக்மா தலைவரி கட்டினார், படையிலும் நின்றார், வாக்கு மட்டும் இல்லை. அரிஸ்டாட்டிலே அப்படி ஒருவர்தான்.

சிங்கப்பூரில் இரண்டாம் தலைமுறை நிரந்தரவாசி ஆண் தேசிய சேவை செய்கிறார். வாக்கு குடிமக்களுக்கு மட்டுமே. ஒற்றுமையை இதோடு நிறுத்துங்கள், இழுத்தால் உடையும்: அவருக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு, ஏதென்ஸில் குடியுரிமை கொடுப்பதே அபூர்வம். வேலியும் அவரை ஓரளவு காக்கிறது. பிரிவுகளை வரி வரியாகப் படித்தால் இது தெரியும். 9வது பிரிவும் 15வது பிரிவும், அதாவது உயிரும் உடற்சுதந்திரமும், சமயமும், எவருக்கும் உரியவை. பேச்சு, கூட்டம், சங்கம் பற்றிய 14வது பிரிவு குடிமக்களுக்கு மட்டும். அதையும் நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று அதே பிரிவு சொல்கிறது.