கணவன் முடிசூட்டு விழாவில் டிக்கெட் கேட்கப்பட்ட ராணி

"ஐரோப்பிய ராணிகளில் யாருடைய கல்யாண வாழ்க்கை படுமோசம்?" என்ற கேள்விக்குப் பலர் மரி அந்துவானெத்தைச் சொல்வார்கள். என் ஓட்டு இங்கிலாந்தின் நான்காம் ஜார்ஜ் மனைவி கரோலினுக்கு.

1795-ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கிலிருந்து வந்த பெண்ணைக் கட்டியணைத்த கையோடு இளவரசர் ஜார்ஜ் அறையின் மூலைக்குப் போய், அவரை அழைத்துவந்த மால்ம்ஸ்பரி பிரபுவிடம் "உடம்பு சரியில்லை, ஒரு கிளாஸ் பிராந்தி கொடுங்கள்" என்றார். கரோலினும் சளைத்தவர் இல்லை, "படத்தில் இருந்த அழகைக் காணோமே, ரொம்பக் குண்டாக இருக்கிறாரே" என்று அதே பிரபுவிடம் சொல்லிவிட்டார். ஜார்ஜுக்குக் கடன் 6 லட்சம் பவுண்டுக்கு மேல், கல்யாணம் செய்தால்தான் அதற்கு வழி பிறக்கும், அவ்வளவுதான் விஷயம். மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற கத்தோலிக்க விதவையை 1785-லேயே ரகசியமாகக் கட்டிக்கொண்டவர் அவர் (ராஜாவின் சம்மதம் இல்லாததால் சட்டப்படி செல்லாது). கல்யாணத்தன்று நிற்க முடியாத போதை வேறு. போதாக்குறைக்கு, தன் ஆசைநாயகி ஜெர்சி சீமாட்டியையே மனைவிக்குத் தோழியாகப் போட்டார்!

1796 ஜனவரியில் மகள் பிறந்த மூன்றாம் நாள் ஓர் உயில் எழுதினார். சொத்தெல்லாம் மரியாவுக்கு, மனைவிக்கு ஒரு ஷில்லிங்.

அப்புறம் பிரிவு, கரோலினுக்கு இத்தாலி வாசம். 1817-ல் மகள் பிரசவத்தில் இறந்ததைக்கூட ஜார்ஜ் அவருக்கு எழுதித் தெரிவிக்கவில்லை. 1820-ல் ஜார்ஜ் ராஜாவானதும், கரோலினுக்குப் பெர்காமி என்ற பணியாளரோடு கள்ளத்தொடர்பு என்று சொல்லி, ராணிப் பட்டத்தையும் கல்யாணத்தையும் ரத்து செய்ய மசோதா கொண்டுவந்தார்கள். தொடர்பு இருந்திருக்கலாம், எனக்கும் சந்தேகம் உண்டு, ஆனால் குற்றம் சாட்டியது யார் என்று பாருங்கள். முக்கிய சாட்சியான இத்தாலிய வேலைக்காரர் குறுக்கு விசாரணையில் "நோன் மி ரிகோர்தோ", அதாவது ஞாபகம் இல்லை, ஞாபகம் இல்லை என்றே சொல்லி ஊர் சிரிக்கும்படி ஆனது. பிரபுக்கள் சபையில் மசோதா வெறும் 9 ஓட்டில் தேற, அரசாங்கம் அதைக் கைவிட்டது. லண்டன் மக்கள் வீடெல்லாம் விளக்கேற்றிக் கொண்டாடினார்கள்.

1821 ஜூலை 19 ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்குக் கரோலின் அழைப்பில்லாமலே வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குப் போனார். ஒவ்வொரு வாசலாகத் திருப்பி அனுப்பினார்கள், ஒரு வாசலில் டிக்கெட் இருக்கிறதா என்றே கேட்டார்கள். ராணியிடம்! மூன்று வாரத்துக்குள், ஆகஸ்ட் 7 அன்று, 53 வயதில் இறந்துவிட்டார். சவப்பெட்டியில் "இங்கிலாந்தின் அநீதியிழைக்கப்பட்ட ராணி" என்று பொறிக்கச் சொல்லியிருந்தார். உடல் பிரன்ஸ்விக்குக்குப் போகும் வழியில் கோல்செஸ்டரில் ஆதரவாளர்கள் அந்தத் தகட்டைப் பெட்டியில் அடிக்க, அரசாங்க ஆட்கள் அதையும் பிய்த்தெடுத்துவிட்டார்கள்.